பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு கார்கள்: உடலும் எஞ்சினும்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்பது 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்ட மகிழுந்துத் தயாரிப்பு நிறுவனம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டுறவுடன் உருவான இதன் தொழிற்சாலை, தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்தது. வான்கார்டு, ஹெரால்டு, கஸெல், ஸ்டாண்டர்டு 2000 ஆகியவை இந்நிறுவனத்தின் பெயர் சொல்லும் கார்கள். 1988-இல் உற்பத்தி நின்றுபோனது.

அமெரிக்காவின் 'மசில் கார்' வரலாற்றை இணையத்தில் விரும்பிப் படிக்கும் மாணவர்கள் இன்று பலர். போன்டியாக் ஜி.டி.ஓ., ஃபோர்டு மஸ்டாங் என்று பெயர்களை அடுக்குவார்கள். அந்த வரலாற்றின் ஒரு கிளை அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்து போய், அங்கிருந்து பெருங்களத்தூர் வரை வந்து சேர்ந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். வந்து சேர்ந்தபோது அது தலைகீழாக மாறியிருந்தது. அமெரிக்கர்கள் சாதாரண உடலில் பெரிய எஞ்சினை வைத்தார்கள். பெருங்களத்தூரில், பெரிய எஞ்சினுக்காக வரைந்த உடலில் பழைய சிறிய எஞ்சின் வைக்கப்பட்டது.

மசில் கார் பிறந்த விதம்

1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக்கூடாது என்பது அது. போன்டியாக் பிரிவின் பொறியாளர்கள் இதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். புதிய கார் என்று அறிவிக்காமல், டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்கு வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் கூடுதல் வசதியாக 389 கன அங்குல (சுமார் 6.4 லிட்டர்) வி8 எஞ்சினை 1964-ஆம் ஆண்டு மாடலில் கொடுத்தார்கள். அதற்கு ஜி.டி.ஓ. என்று பெயர். அந்த ஓராண்டிலேயே 32,000-க்கு மேல் விற்றது. மசில் கார் என்ற வகைக்கே இதைத்தான் தொடக்கமாகப் பெரும்பாலோர் கொள்கிறார்கள். அதே 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங்கின் அடிப்பாகமும் ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காருடையதுதான். நீண்ட முன்பகுதி, குட்டையான பின்பகுதி என்ற அதன் தோற்றம் உலகமெங்கும் பின்பற்றப்பட்டது.

இந்த டெம்பெஸ்ட் காருக்கு ஜி.டி.ஓ. ஆவதற்கு முன்பு ஒரு முன்கதை உண்டு. 1961, 1962 ஆண்டுகளில் அதில் விரும்பினால் பியூக் பிரிவு உருவாக்கிய 215 கன அங்குல வி8 எஞ்சினை வாங்கிக்கொள்ளலாம். ஒரு கன அங்குலம் என்பது ஏறத்தாழ 16.4 சி.சி.; அப்படியானால் 215 கன அங்குலம் சுமார் 3.5 லிட்டர். இந்த எஞ்சினின் சிறப்பு, முழுவதும் அலுமினியத்தால் வார்க்கப்பட்டது என்பது. எட்டு சிலிண்டர் இருந்தும் எடை சுமார் 145 கிலோதான். ஆனால் வார்ப்புச் செலவு அதிகம், குளிர்நீர்ப் பாதைகளில் அரிப்பு என்று தொல்லைகள். 1963-உடன் ஜெனரல் மோட்டார்ஸ் அதைக் கைவிட்டது. மலிவான வார்ப்பிரும்பில் இன்னும் பெரிய எஞ்சின் செய்யலாம் என்னும்போது அலுமினியம் எதற்கு?

கைவிடப்பட்ட அந்த எஞ்சின் ஒரு தற்செயலால் பிழைத்தது. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், தம் நிறுவன எஞ்சின்களைப் படகுகளுக்கு விற்கும் வேலையாக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மெர்குரி மரீன் பட்டறைக்குப் போனார். அங்கே தரையில் கிடந்தது இந்த பியூக் எஞ்சின். 1965-இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. அதை உருவாக்கிய ஜோ டர்லே ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். அவரும் இங்கிலாந்து சென்று உதவினார். அடுத்த நாற்பது ஆண்டுகள் இங்கிலாந்தில் அந்த எஞ்சினின் வழித்தோன்றல்கள் ஓடின.

கோவென்ட்ரியிலிருந்து வந்தவை

இனி பெருங்களத்தூருக்கு வருவோம். இந்திய ஸ்டாண்டர்டு நிறுவனம் முதலில் எடுத்துக்கொண்ட கார் வான்கார்டு. போர் முடிந்தபின் 1947-இல் இங்கிலாந்தில் அறிமுகமான இந்தக் காரிலேயே அமெரிக்கச் சாயல் இருந்தது. அதை வரைந்த வால்டர் பெல்க்ரோவ், லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தின் முன் நிற்கும் பெரிய கார்களைப் பார்த்துப் படம் வரைந்துவருமாறு தம் நிறுவனத் தலைவரால் அனுப்பப்பட்டார் என்று சொல்வார்கள். உருண்டு சரிந்த முதுகும் பருத்த முன்பகுதியுமாக, போருக்குச் சற்று முந்திய பிளைமவுத் காரைச் சுருக்கி வைத்தாற்போல இருந்தது வான்கார்டு.

அதன் எஞ்சினைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். நம் கதையின் முடிவு அதில் இருக்கிறது. நான்கு சிலிண்டர், சிலிண்டரின் விட்டம் 85 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 92 மி.மீ. வட்டத்தின் பரப்பைக் கண்டு, உயரத்தால் பெருக்கி, நான்கால் பெருக்கினால் 2,088 சி.சி. வரும். (பத்தாம் வகுப்பு மாணவர் எவரும் போட்டுப் பார்க்கலாம்.) உறுதியான, எளிய எஞ்சின். இதே குடும்பத்து எஞ்சின்தான் புகழ்பெற்ற ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. டிரையம்ப் டி.ஆர்.2 என்ற பந்தயக் காருக்காக விட்டத்தை 83 மி.மீ. ஆகக் குறைத்தார்கள்; பந்தயத்தில் 2 லிட்டர் வகைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக. இப்போது கணக்குப் போட்டால் 1,991 சி.சி. இந்த எண்ணை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அக்காலத்தில் இந்தியச் சாலைகளில் அமெரிக்கக் கார்கள் அரிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் செவ்ரோலே கார்களைப் பூட்டி விற்றது. ஃபோர்டும் இந்தியாவில் கார்களைப் பூட்டியது. பிரீமியர் நிறுவனம் டாட்ஜ், பிளைமவுத் கார்களையும், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கர் கார்களையும் பூட்டின. 1953-இல் அரசு ஒரு முடிவெடுத்தது: வெளிநாட்டுப் பாகங்களை இறக்கி இங்கே பூட்டுவது மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்கத் திட்டமுள்ளவர்களுக்கே இடம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. கார் தயாரிப்பில் பம்பாயில் பிரீமியர், கல்கத்தா அருகே இந்துஸ்தான், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றும் நிலைத்தன. மூன்றில் சிறியது நம்முடையது.

ஹெரால்டு

இந்த ஆலையின் உண்மையான பெருமை ஹெரால்டுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எனவே அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

டிரையம்ப் ஹெரால்டு 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளியானது. அதன் தோற்றத்தை அமைத்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலாட்டி. கூர்மையான மடிப்புகள், சிறு இறகு போல் நீண்ட பின் ஓரங்கள், நான்கு பக்கமும் தெரியும் மெல்லிய தூண்களோடு கூடிய கண்ணாடிக் கூடு. அதற்குமுன் வந்த உருண்டைக் கார்களுக்கு அருகில் இதை நிறுத்தினால், தைத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியதுபோல் இருக்கும்.

ஆனால் அழகான சட்டைக்குள் பழைய முறையிலான தனிச் சேசிஸ் இருந்தது. அதற்குக் காரணம் வடிவமைப்பாளரின் விருப்பமல்ல. ஸ்டாண்டர்டுக்குக் கார் உடல்களைச் செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அழுத்தித் தர ஆளில்லை. ஆகவே பல சிறிய பட்டறைகளில் துண்டு துண்டாகச் செய்து, சேசிஸ் மேல் போல்ட்டுப் போட்டு முடுக்கும்படி உடலை அமைத்தார்கள். முன்பகுதி முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். முன்சக்கரங்கள் வெகுவாகத் திரும்புவதால் சுமார் 25 அடி அகலத்தில் வண்டியை வட்டமடிக்கலாம். சைதாப்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் குறுகிய தெருக்களுக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தில் இடையூறாக வந்தது இந்தியாவில் வரமாயிற்று. பெரிய அழுத்து எந்திரங்கள் இல்லாத, ஆண்டுக்குச் சில ஆயிரம் வண்டிகளுக்கு மேல் செய்யாத ஓர் ஆலைக்குத் துண்டுகளாகப் பிரியும் உடலைவிடப் பொருத்தமானது எது? 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில், 948 சி.சி. எஞ்சினோடு இங்கே உற்பத்தி தொடங்கியது. உள்நாட்டுப் பாகங்களின் அளவு ஆண்டுக்காண்டு கூடியது.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு எப்போதும் இரண்டு கதவுகளே. பின்னிருக்கைக்குப் போகவேண்டுமானால் முன்னிருக்கையை மடக்கி, குனிந்து, புகவேண்டும். பாட்டியும் பட்டுப்புடவை கட்டிய பெண்களும் கல்யாணத்துக்குப் போகும் நாட்டில் இது நடக்குமா? 1968-இல் வந்த மார்க் 3 ஹெரால்டில் நான்கு கதவுகள் இருந்தன. ஹெரால்டு பிறந்த நாட்டில் இல்லாத, இந்தியாவுக்கென்றே உண்டான வடிவம் அது. ஐந்து கதவுகள் கொண்ட எஸ்டேட் வகையும் கம்பானியன் என்ற பெயரில் இங்கு மட்டுமே வந்தது. மிக்கெலாட்டி வரைந்த கோடுகளைக் கெடுக்காமல், அதே நீளத்துக்குள் இன்னும் இரண்டு கதவுகளை நுழைப்பது எளிய வேலையல்ல. பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தால், முதலிலேயே நான்கு கதவுகளோடு வரைந்தது போலத்தான் தோன்றும்.

அடுத்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் ஆடக்கூடியவை. ஒரே குறுக்குப் பட்டைவில் இரண்டையும் தாங்கும். வெறும் வண்டியாக ஓட்டும்போது சுகம். வேகமாகத் திரும்பும்போதும் பாரம் ஏற்றி மேடுபள்ளத்தில் ஓடும்போதும் சக்கரங்கள் கோணலாகச் சாயும். 1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கஸெல் காரில் இதை மாற்றி, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்சிலும் நீளப் பட்டைவில்களும் பொருத்தினார்கள். தொழில்நுட்ப நூல்களின்படி இது பின்னோக்கிய அடி. நம் சாலைக்கும் நம் மெக்கானிக்குக்கும் ஏற்ற அடி என்பதே சரியான மதிப்பீடு. கஸெல் 1977 வரை தயாரிக்கப்பட்டது. அதற்குப்பின் சில ஆண்டுகள் ஆலையில் ஸ்டாண்டர்டு 20 என்ற வேன் வகைகள் மட்டுமே செய்யப்பட்டன.

இதற்கிடையில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரே மறைந்துவிட்டது. 1903-இல் அந்தப் பெயரை வைத்தபோது 'உயர்ந்த தரம்' என்று பொருள். காலப்போக்கில் 'சாதாரணம்' என்ற பொருள் வந்துவிட்டதால், 1963-இல் அங்கே அதைக் கைவிட்டு டிரையம்ப் என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள். தாய்நாடு தூக்கிப் போட்ட பெயரைப் பெருங்களத்தூர் மேலும் கால் நூற்றாண்டு காப்பாற்றியது.

எஸ்.டி.1 என்ற ரோவர்

இங்கிலாந்தில் ரோவர், டிரையம்ப் ஆகிய இரண்டும் ஒரே பெருநிறுவனமான பிரிட்டிஷ் லேலண்டின் கீழ் வந்துவிட்டன. அங்கே 1976-இல் வெளியான கார் ரோவர் 3500. நிறுவனத்துக்குள் அதன் குறிப்பெயர் எஸ்.டி.1. தோற்றம் டேவிட் பாச் என்பவருடையது. பொறியியல் ஸ்பென் கிங்குடையது. இத்தாலியின் ஃபெராரி டேடோனா காரின் சாயல் முன்பகுதியில் தெரியும். நீண்டு தாழ்ந்த மூக்கு, சரிந்த முதுகு, பின்னால் தூக்கித் திறக்கும் கதவு. அந்த நீண்ட மூக்குக்குள் இருந்தது 3,528 சி.சி. அலுமினிய வி8. ஆம், 1961-இல் போன்டியாக் டெம்பெஸ்டில் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்த அதே பியூக் எஞ்சினின் வாரிசு. 155 குதிரைத்திறன். 1977-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் என்ற விருது இதற்குக் கிடைத்தது.

மசில் காரின் தத்துவம் ஓரளவு இதிலும் உண்டு. பின்சக்கரங்களுக்கு எளிய ஒரே ஆக்சில்தான். செலவைக் குறைத்து, எஞ்சினையும் தோற்றத்தையும் நம்பி விற்ற கார். பின்னர் ஆறு சிலிண்டர் வகைகளும், 1982-இல் வரிச்சலுகையை எண்ணி 2 லிட்டர் நான்கு சிலிண்டர் வகையும் இங்கிலாந்திலேயே வந்தன என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். ஆனால் அந்த 2 லிட்டர் எஞ்சின் 1970-களின் பிற்பகுதியில் புதிதாக வடிவமைக்கப்பட்டது. சுமார் நூறு குதிரைத்திறன் தந்தது.

ஸ்டாண்டர்டு 2000

1985-இல் பெருங்களத்தூர் ஆலை மீண்டும் கார் தயாரிப்பில் இறங்கியது. எடுத்துக்கொண்ட உடல் எஸ்.டி.1. பெயர் ஸ்டாண்டர்டு 2000. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய சாலையில் இந்தக் கார் முதன்முதலில் வந்தபோது, நின்று பார்க்காதவர் இருந்திருக்கமுடியாது. அன்று இந்தியாவில் செய்யப்பட்ட எந்தக் காரும் தோற்றத்தில் இதன் அருகே வரமுடியாது.

மூடியைத் திறந்தால் கதை வேறு. உள்ளே இருந்தது 1,991 சி.சி. எஞ்சின். 83 மி.மீ., 92 மி.மீ., நான்கு சிலிண்டர்: வான்கார்டின் குடும்பம், டிராக்டரின் தாயாதி. போர் முடிந்த கையோடு வரைந்த எஞ்சின். குதிரைத்திறன் 80-ஐச் சற்றே தாண்டும். அதனோடு நான்கு வேக கியர்பாக்ஸ். நம் சாலைக்காக உடலைத் தரையிலிருந்து உயர்த்தி, ஸ்பிரிங்குகளை மென்மையாக்கியிருந்தார்கள். தாழ்ந்து பாய்வதுபோல் வரைந்த உருவம், கணுக்காலைத் தூக்கி நடப்பதுபோல் ஆயிற்று.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று இன்று கேட்பது எளிது. அந்த எஞ்சின் ஆலையில் ஏற்கெனவே வேன்களுக்காகச் செய்யப்பட்டுவந்தது. கருவிகளும் கைப்பழக்கமும் இருந்தன. புதிய எஞ்சினை இறக்குமதி செய்யவோ உரிமம் பெற்றுச் செய்யவோ அந்நியச் செலாவணி வேண்டும். அன்று அது தங்கத்தைவிட அரிது. பெட்ரோல் விலையை நினைத்தால் இந்தியாவில் வி8 என்பது பேச்சுக்கே இடமில்லாதது. ஆகவே பெரிய எஞ்சின் இல்லாதது குற்றமல்ல. குற்றம், அந்த உடலின் எடையை இழுக்கத் தகுந்த புதிய சிறு எஞ்சின்கூட இல்லாதது.

இதே காலத்து இன்னொரு காரோடு ஒப்பிட்டால் இது விளங்கும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கான்டெசாவைக் கொண்டுவந்தது. அது ஜெனரல் மோட்டார்ஸின் இங்கிலாந்துக் கிளையான வாக்ஸால் 1970-களில் செய்த விக்டர் காரின் உடல். அமெரிக்கச் சாயல் தெளிவாகத் தெரியும் அந்த உருவத்தால் இன்றும் இளைஞர்கள் கான்டெசாவை 'இந்திய மசில் கார்' என்கிறார்கள். உண்மையில் தொடக்கத்தில் அதனுள் இருந்தது அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சின். மலைப்பாம்பு உடலில் ஓணான் இதயம். ஆனால் சில ஆண்டுகளில் ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் எஞ்சினை வாங்கி வைத்தார்கள். கார் பிழைத்தது, 2000-களின் தொடக்கம்வரை ஓடியது. பிரீமியர் நிறுவனமும் தன் 118 என்.இ. காரில் நிசான் எஞ்சினையே நம்பியது. மூன்று நிறுவனங்களும் வெளிநாட்டுப் பழைய உடலை வாங்கின. எஞ்சினையும் தேடிப்போனவை இரண்டு. பெருங்களத்தூர் காருக்கு மட்டும் இரண்டாவது எஞ்சின் வரவே இல்லை.

இன்னொரு பக்கம், 1983 இறுதியில் வந்த மாருதி 800 மக்களின் எதிர்பார்ப்பையே மாற்றிவிட்டிருந்தது. சிறிய, சிக்கனமான, சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும் கார். அதற்கு நேர்மாறாகப் பெரிய, விலை கூடிய, பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆனால் வேகமும் இல்லாத கார் ஒன்றை யார் வாங்குவார்? பணக்காரர்கள் சிலர் வாங்கினார்கள். போதவில்லை.

ஹெரால்டையும் ஸ்டாண்டர்டு 2000-ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இக்கட்டுரையாளருக்கு வருத்தமே மிஞ்சுகிறது. இரண்டும் ஒரே ஆலை. ஹெரால்டில் கதவு கூட்டவும் ஆக்சில் மாற்றவும் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. அந்தக் கைகளுக்கு 1985-இல் கிடைத்தது, மாற்றுவதற்கு இடம் கொடாத ஓர் உடலும் மாற்றவேண்டிய காலம் எப்போதோ கடந்துபோன ஓர் எஞ்சினும்.

ஆலைக்குப் பின்

1988-இல் எல்லாம் நின்றது. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வட்டாரத்தில் 'ஸ்டாண்டர்டு கம்பெனி' வேலை என்பது ஒரு காலத்தில் பெண் கொடுக்கத் தயங்காத வேலை. நடுவயதில் வெளியே வந்த தொழிலாளர்களுக்குத் தெரிந்தது கார் செய்யும் வேலை. கார் செய்யும் வேறு ஆலை அப்போது சென்னையில் இல்லை. பிறகு ஃபோர்டு அதே ஜி.எஸ்.டி. சாலையில் சில ரயில் நிலையங்கள் தள்ளி மறைமலை நகருக்கு 1990-களின் நடுவில் வந்தபோது, இவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. மஸ்டாங்கைச் செய்த அந்த நிறுவனம் மறைமலை நகரில் மஸ்டாங் செய்யவில்லை. 2016-இல் விற்ற மஸ்டாங் முழுமையாக இறக்குமதியானது. 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, மறுஆண்டு அந்த ஆலையிலும் கடைசிக் காரை வெளியேற்றியது.

பெருங்களத்தூர் ஆலை இருந்த நிலத்தில் இன்று கண்ணாடிச் சுவர்களோடு தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்திலிருந்து அங்கே நடக்கும் பிள்ளைகளுக்கு, காலடியில் இருந்தது கார் ஆலை என்று தெரியக் காரணமில்லை.

ஆலையில் பயன்படாமல் கிடந்த ஸ்டாண்டர்டு 2000 உதிரி பாகங்களை, பழைய ரோவர் கார்களுக்குப் பாகங்கள் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. எஸ்.டி.1 வைத்திருக்கும் ஆர்வலர்கள் அங்கே இன்னும் உண்டு. பெருங்களத்தூரில் வாங்க ஆளில்லாமல் தூசி படிந்து கிடந்த பாகங்கள், இப்படிக் கடல் கடந்து திரும்பிப் போய், வி8 எஞ்சின் ஓடும் கார்களுக்குப் போய்ச் சேர்ந்தன.